பிள்ளை பிடிக்கிறவன் என்று என்னைப் பிடித்தார்கள்

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன்பு, தைப்பூசத்தன்று, பினாங்கு தண்ணீர்மலை அடிவாரத்தில். அன்று நான் செத்திருக்க வேண்டியவன். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இடது காதுக்கு மேல் முடியை விலக்கிப் பார்த்தால் தையல் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். பிறையில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் வேலை. நாற்பது தாண்டிவிட்டது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று நீங்களும் கேட்காதீர்கள். சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டு இப்போதுதான் ஓய்ந்திருக்கிறார்கள். ஒல்லியான உடம்பு. தலையில் எப்போதும் ஒரு தொப்பி, தோளில் ஒரு பை. பெண் பார்க்க வருபவர்களிடம் ஒப்பிப்பது போல இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்று நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

அந்தச் சமயத்தில் எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் பயந்துபோய் இருந்தார்கள். சிம்பாங் அம்பாட்டில், இரவுச் சந்தையில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற ஐந்து வயதுப் பெண் குழந்தை காணாமல் போனது. அவித்த சோளம் வாங்குவதற்காக அந்த அம்மா கையை விட்டார். திரும்பிப் பார்த்தபோது பிள்ளை இல்லை. அவ்வளவுதான். இன்றுவரை ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. சில மாதங்கள் கழித்து வேறோர் ஊரில் ஒரு சிறுவன் காணாமல் போய், செம்பனைத் தோட்டத்துக் கால்வாயில் பிணமாகக் கிடந்தான். அதன் பிறகு இன்னொரு பிள்ளையும் அதே போலக் கிடைத்தது. மூன்றும் ஒரே ஆளின் வேலையாக இருக்கலாம் என்று போலீஸ் சந்தேகப்பட்டது. யாரோ பார்த்ததாகச் சொன்னதை வைத்து ஒரு படம் வரைந்து வெளியிட்டார்கள். ஒல்லியான ஆள், நாற்பது வயதிருக்கும், தலையில் தொப்பி, தோளில் பை.

வேலையிடத்தில் என்னைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. "அண்ணே, உங்க படம் நல்லா வந்திருக்கு லா, பொண்ணு வீட்டுக்கு அனுப்பலாம்" என்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் போவேன். பினாங்கில் பாதி ஆம்பளைகள் அந்தப் படத்தில் இருப்பது போலத்தான் இருப்பார்கள். இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் விதவிதமாகச் செய்தி வந்தது. அவன் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக் கூட்டிப் போவானாம். தலையை மழித்து, உடுப்பை மாற்றிவிடுவானாம். அப்புறம் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாதாம். எவன் கிளப்பிவிட்டானோ தெரியாது. வந்ததை நானும் நாலு பேருக்கு அனுப்பினேன், எல்லோரும் செய்ததைப் போல.

தைப்பூசத்துக்கு எங்கள் தொழிற்சாலைக் கூட்டாளிகள் வருடா வருடம் தண்ணீர்மலை சாலையில் ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். மோர், ரோஸ் சிரப், சுண்டல் எல்லாம் கொடுப்போம். அன்று காலையில் முதல் ஃபெரி பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். போகிற வழியில், கோயில் வளைவுக்குப் பக்கத்தில், அந்த சிம்பாங் அம்பாட் பிள்ளையின் அம்மா நின்றுகொண்டிருந்தார். செய்தியில் பார்த்த முகம் என்பதால் உடனே தெரிந்தது. மகள் படத்தை அச்சடித்த டீசட்டை போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் துண்டுத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னிடமும் நீட்டினார். "என்கிட்ட ஏற்கெனவே இருக்குக்கா" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனேன். அந்த முகத்தைப் பார்த்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

வெயில் ஏறியது. பந்தலுக்குப் பின்னால் ஐஸ் பெட்டி எடுக்கப் போனபோது, இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் ஒரு குழந்தை குந்தியிருந்தது. மூன்று அல்லது நான்கு வயதிருக்கும். புதிதாக மழித்த மொட்டை, காது வரைக்கும் சந்தனம், மஞ்சள் டீசட்டை, மஞ்சள் அரைக்கால் சட்டை. தைப்பூசத்தன்று அந்தச் சாலையில் அப்படி எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்று போனவர்களுக்குத் தெரியும். அழுது அழுது விக்கல் வந்துவிட்டது. "தம்பி, அம்மா எங்க?" என்று கேட்டேன். கையை நாலு பக்கமும் காட்டியது. "அப்பா எப்படி இருப்பாரு?" என்றேன். அதற்கு மட்டும் தெளிவாகப் பதில் வந்தது.

"மொட்டை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே மொட்டை போடாத அப்பாவைத் தேடுவதுதான் கஷ்டம்.

கூட்டத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் நம்மவர்கள் இப்போதெல்லாம் கையில் பேனாவால் போன் நம்பர் எழுதிவிடுகிறார்கள். இந்தப் பிள்ளைக்கும் எழுதியிருந்தார்கள். ஆனால் மொட்டை போடும் முன்பே எழுதிவிட்டார்கள் போலிருக்கிறது. முடி இறக்கிக் குளிப்பாட்டியதில் நம்பர் கரைந்து, முதல் பூஜ்யமும் ஒன்றும்தான் மிச்சம். மலேசியாவில் யாருடைய நம்பர்தான் அப்படித் தொடங்காது.

பக்கத்துப் பந்தலில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. இருபுறமும் அதே அலறல். காணாமல் போன பிள்ளைகளுக்காகக் கோயில் தரப்பில் அறிவிப்பு செய்கிறார்களா இல்லையா என்பதே காதில் விழவில்லை. பிள்ளையைப் படம் எடுத்து எங்கள் பந்தல் குழுவில் போட்டேன். அவ்வளவு கூட்டத்தில் லைன் எங்கே கிடைக்கும்? படம் போகவில்லை, பக்கத்தில் அந்தச் சின்னக் கடிகாரக் குறி மட்டும் நின்றது. சரி, தகவல் கூடாரத்துக்கு நாமே கொண்டுபோய் விடுவோம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

முன்பக்கச் சாலையில் காவடிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அலகு குத்தியவர்களைப் பார்த்ததும் பிள்ளை வீறிட்டு என் காலைக் கட்டிக்கொண்டது. அதனால் பந்தல்களுக்குப் பின்னால் போகும் சந்து வழியாகப் போனேன். நாங்கள் ஐஸ் தூக்கி வருவது அந்த வழியில்தான். கார் நிறுத்தும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போனால் தகவல் கூடாரத்தின் பின்பக்கம் வரும். பிள்ளையின் மழித்த தலையில் வெயில் சுட்டதால் என் தொப்பியைக் கழற்றி அதற்குப் போட்டுவிட்டேன். வழியில் மோட்டார் சைக்கிளில் ஒருவர் ஐஸ்கிரீம் விற்றுக்கொண்டிருந்தார். அழுகை நிற்கட்டுமே என்று ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நின்றது.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். தொப்பி, பை, ஒல்லியான ஆள், ஐஸ்கிரீம், மழித்த தலை, கார் நிறுத்தும் இடம். வாட்ஸ்அப்பில் வந்ததை ஒன்று விடாமல் நான் நடித்துக் காட்டிக்கொண்டு போயிருக்கிறேன். எனக்கு மட்டும்தான் அது தெரியவில்லை.

ஒரு பந்தலின் பின்புறம் மஞ்சள் சேலை கட்டிய அக்கா ஒருவர் அண்டா கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"உங்க பிள்ளையாண்ணே?"

"இல்லக்கா. தனியா அழுதுக்கிட்டு இருந்தான். கூடாரத்துல விடப் போறேன்."

"கூடாரம் அந்தப் பக்கம்ல இருக்கு. இங்கிட்டு காடிதான நிக்குது?"

கார்களைச் சுற்றிப் போகும் வழியைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் குனிந்து பிள்ளையிடம் பெயர் கேட்டுவிட்டார். பிள்ளை ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டே பெயரைச் சொன்னது. அது பெண்பிள்ளைப் பெயர். அக்கா மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அதுவரை தம்பி, தம்பி என்றே பேசிக்கொண்டு வந்திருக்கிறேன். மொட்டையும் சந்தனமும் போட்ட பிறகு எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கும், எனக்கு எப்படித் தெரியும்.

அவர் பிள்ளையைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார். பிறகு பந்தலுக்குள் திரும்பி ஒரு குரல் கொடுத்தார். சத்தமாகக்கூட இல்லை. "இங்க வாங்க, பிள்ள பிடிக்கிறவன்."

வந்தார்கள். முதலில் இரண்டு பேர், பிறகு எத்தனை என்று தெரியாது. சிவப்புச் சட்டை போட்ட தடித்த ஆள் ஒருவர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். "யாரு பிள்ள இது? ஏன் மொட்டை அடிச்ச?" நான் அடிக்கவில்லை, கோயிலில் அடித்தது என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கே அது பொய் போலக் கேட்டது. பயத்தில் நாக்கு குழறியது. குழறியதையும் பார்த்துக்கொண்டார்கள். உனக்குப் பிள்ளை இருக்கா, பெண்டாட்டி எங்கே என்று யாரோ கேட்டார்கள். கல்யாணம் ஆகவில்லை என்றேன். அதற்கு முதல் அறை விழுந்தது.

"குரூப்ல படம் போட்டிருக்கேன், போனப் பாருங்க" என்று கத்தினேன். சிவப்புச் சட்டைக்காரர் போனைப் பிடுங்கி, என் விரலை வைத்தே திறந்தார். படம் இருந்தது. ஆனால் போகவில்லை. பக்கத்தில் அந்தக் கடிகாரம் அப்படியே நின்றது. "எங்கடா போட்ட?" என்று கேட்டுவிட்டு, போனில் இருக்கும் மற்ற படங்களைத் தள்ளிப் பார்த்தார். திடீரென்று அவர் கை நின்றது. காணாமல் போன பிள்ளைகளின் படங்கள். ஒன்றன்பின் ஒன்றாக, பள்ளிச் சீருடையில், பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால், அம்மா மடியில். எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து தானாக இறங்கியவை. அங்கே நின்ற ஒவ்வொருவர் போனிலும் அதே படங்கள் இருந்திருக்கும். ஆனால் அந்த நேரத்தில் யாரும் தன் போனை எடுத்துப் பார்க்கவில்லை.

அதன் பிறகு என்னிடம் கேள்வி கேட்கவில்லை. எங்கிருந்து அடி விழுகிறது என்பதுகூடத் தெரியவில்லை. கால்வாய் ஓரத்துச் சிமெண்டில் தலை மோதியது. இரத்தம் கண்ணுக்குள் வழிந்து ஒரு பக்கம் தெரியாமல் போனது. பிள்ளை அலறுவது கேட்டது; அந்த அலறலையும் என் கணக்கில்தான் எழுதிக்கொண்டார்கள். அவனைப் பேசவிடாதே என்றது ஒரு குரல், போலீஸில் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்றது இன்னொரு குரல். யாரோ பந்தல் கட்டும் இரும்புக் குழாயை இழுத்துக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் இன்றைக்கு நம் கதை முடிந்தது என்று முடிவு செய்தேன். முருகனைக் கூப்பிட்டேனா என்றுகூட நினைவில்லை. என் சம்பளக் கார்டு எங்கே இருக்கிறது என்று தங்கச்சிக்குத் தெரியாதே என்று நினைத்தேன். சாகும்போது பெரிய விஷயமெல்லாம் தோன்றும் என்பார்கள். எனக்குத் தோன்றியது அதுதான்.

அப்போது, "வழி விடுங்க, அந்த சிம்பாங் அம்பாட் பிள்ளையோட அம்மா வர்றாங்க" என்று கேட்டது. ஆள் கிடைத்துவிட்டான் என்று யாரோ ஓடிப்போய் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் விலகியது. காலையில் பார்த்த அதே டீசட்டை. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. கையில் இன்னும் அந்தத் துண்டுத்தாள் கட்டு. இரும்புக் குழாயோடு நின்றவனை ஒரு கையால் தள்ளிவிட்டு எனக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"அடிக்காதீங்க. இவன் செத்துட்டா எனக்கு யாரு சொல்லுவா?"

அவர் என் முன்னால் குந்தினார். தாள் கட்டைக் கீழே வைத்துவிட்டு, சேறும் இரத்தமுமாக இருந்த என் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். என்னைத் திட்டுவார், காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பேசிய குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவ்வளவு மெதுவாக, அவ்வளவு மரியாதையாக.

"தம்பி, எம்பிள்ள எங்க இருக்கு?"

"நான் இல்லக்கா" என்றேன்.

"நான் போலீஸ்ல சொல்ல மாட்டேன். உங்கள யாரும் தொட மாட்டாங்க, நான் பாத்துக்குறேன். எடத்த மட்டும் சொல்லுங்க. உசுரோட இல்லன்னாலும் பரவால்ல தம்பி. நான் எடுத்துக்கிட்டுப் போயிடுறேன்."

"சத்தியமா நான் இல்லக்கா."

பொய் சொல்கிறான் என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்தி அடக்கினார். திரும்ப அதே கேள்வி. நான் அதே பதில். மறுபடியும் கேட்டார், குரல் கொஞ்சமும் ஏறவில்லை. பதில் சொல்லாமல் இழுக்கிறேன், கெஞ்சினால் சொல்லிவிடுவேன் என்று முழுசாக நம்பினார். அவர் அப்படிக் கேட்கக் கேட்க எனக்கு என்ன ஆனது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எதையாவது சொல்லிவிடலாமா என்று தோன்றிவிட்டது. ஏதாவது ஒரு தோட்டம், ஏதாவது ஓர் ஆற்றங்கரை. இந்த மனுஷிக்குக் கொடுக்க என்னிடம் ஒரு பதில் இல்லையே என்று வெட்கமாக இருந்தது. ஓர் ஊர்ப் பெயர் வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அந்தக் கூட்டம் என்னை அங்கேயே முடித்திருக்கும். எப்படியோ வாயை மூடிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு என் கூட்டாளி ஒருவர் ஓடி வந்தார். எங்கள் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர். அவருக்குப் பின்னால் ஒரு மொட்டை அப்பா, தலைவிரி கோலமாக ஓர் அம்மா. சிவப்புச் சட்டைக்காரர் கையிலிருந்த என் போனில் எப்போதோ லைன் கிடைத்து, படம் குழுவுக்குப் போயிருக்கிறது. அதைப் பார்த்த கூட்டாளி தகவல் கூடாரத்துக்கு ஓடினார். அங்கே அந்தப் பெற்றோர் மகளின் படத்தை வைத்துக்கொண்டு எல்லோரிடமும் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். சுருட்டை முடியும் சிவப்பு கவுனுமாக எடுத்த படம். அதைப் பார்த்துவிட்டுத் தேடினால் மொட்டைப் பிள்ளையை யாருக்கு அடையாளம் தெரியும்? நான் எடுத்த படத்தைக் காட்டி அவர்களைக் கூட்டிக்கொண்டு, நாங்கள் ஐஸ் தூக்கும் சந்து வழியாகவே தேடி வந்திருக்கிறார்.

பிள்ளை என் தொப்பியோடு அம்மாவிடம் தாவியது. அந்த அம்மா மஞ்சள் சேலை அக்காவையும் சேர்த்துக் கட்டிப்பிடித்து அழுதார். கூட்டாளி என்னைப் பார்த்து, "அண்ணே" என்றார். கொஞ்ச நேரத்தில் கூட்டம் கரைந்துவிட்டது. இரும்புக் குழாய்க்காரன் எப்போது போனான் என்றே தெரியாது. சிவப்புச் சட்டைக்காரர் மட்டும் நின்றார். என் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டார். "சோரிண்ணே. பிள்ள விஷயம் பாருங்க" என்று சொல்லி என் போனையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் கொடுத்தார். மஞ்சள் சேலை அக்கா தன் முந்தானையை என் தலையில் வைத்து அழுத்திக்கொண்டு ஓவென்று அழுதார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் கூப்பிட்டிருப்பேன்.

அவ்வளவு நடந்தும் துண்டுத்தாள் கொடுத்த அந்தத் தாய் என் கையை விடவில்லை. பிள்ளை தாவியதையும் அந்தக் குடும்பம் அழுததையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீங்க இல்லியா, தம்பி?"

"இல்லக்கா."

அவர் முகம் விழுந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் கொலைகாரன் இல்லை என்று தெரிந்து அங்கே எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். அவருக்கு மட்டும் அது கெட்ட செய்தி. கொஞ்ச நேரம், ரொம்பக் கொஞ்ச நேரம், மகள் எங்கே என்று தெரிந்த ஒரு மனிதனின் கை தன் கைக்குள் இருப்பதாக நம்பிவிட்டார். அந்தக் கையை என் மடியிலேயே மெதுவாக வைத்துவிட்டு எழுந்தார். "தலைய டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். சேறுபட்ட தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டு, கோயில் வளைவுப் பக்கம் நடந்து போய்விட்டார். என் வாழ்க்கையில் யாருக்கும் நான் அப்படி ஓர் ஏமாற்றத்தைக் கொடுத்ததில்லை. நான் ஒரு தப்பும் செய்யவில்லை என்பது அதற்கு ஆறுதலாகவே இல்லை.

போலீஸ் வந்தது. முதலுதவிக் கூடாரத்துக்குக் கூட்டிப்போய், பிறகு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். புகார் கொடுக்கிறாயா என்று நிதானமாகக் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். கூட்டாளிகளுக்கு அதில் இன்னும் என்மேல் கோபம்தான். யார்மேல் கொடுப்பது? பிள்ளை பிடிக்கிறவனைப் பிடித்துவிட்டோம் என்று நினைத்தவர்கள்மேலா?

அந்த சிம்பாங் அம்பாட் குழந்தை இன்னும் கிடைக்கவில்லை. அவனும் அகப்படவில்லை. அப்படி ஒருவன் இருக்கிறானா என்பதுகூட நிச்சயமில்லை. அவ்வப்போது யாரையாவது விசாரிக்கிறார்கள் என்று செய்தி வரும், இரண்டு நாளில் அடங்கிவிடும். அப்போதெல்லாம் வேலையிடத்தில் எல்லோரும் அவனைத் தூக்கில் போட வேண்டும், நடுரோட்டில் வைத்துக் கொல்ல வேண்டும் என்கிறார்கள். நானும் முன்பு அப்படிப் பேசியவன்தான். இப்போது மட்டும், அவன் எவனாக இருந்தாலும் உயிரோடு பிடிபட வேண்டும், அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கேட்கும்போது பதில் சொல்ல அவனுக்கு வாய் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.